பையனுக்குத் திடீர்க் காய்ச்சல்: ஃப்ளூவா, சளிக்காய்ச்சலா, வயிற்றுக் கோளாறா?

நோட்டுப்புத்தகம் (புதன், அதிகாலை 5:40)

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. நேற்று சாயங்காலம் 4 மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன், பையைக் கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிட்டான். 4:20க்கு "குளிருதும்மா" என்று போர்வை கேட்டான். 4:45க்கு தெர்மாமீட்டர் வைத்தேன், 102.6. (கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. எதையும் நேரத்தோடு குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சிரிக்காதீர்கள்.)

மூக்கு ஒழுகவில்லை, தும்மல் இல்லை. அதுதான் குழப்பமே. தலைவலி, முதுகுவலி, கண்ணைத் திறந்தால் கூசுகிறது என்கிறான். யாரோ அடித்துப் போட்டமாதிரி கிடக்கிறான். 9 மணிக்கு ஒரு வாந்தி. 11 மணிக்கு 103.4. பாராசிட்டமால் கொடுத்தால் 101க்கு இறங்குகிறது, மூன்றரை மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. 3 மணிக்கு வறட்டு இருமல் ஆரம்பித்தது. இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறான்.

வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்கிறார் என் மாமியார். அவருக்கு 71 வயது, பிள்ளைகளோடு ஒரே அறையில்தான் படுக்கிறார். தங்கைக்கு 5 வயது. அவளுக்கு அடிக்கடி வீசிங் வரும், இன்ஹேலர் உண்டு. இது ஃப்ளூதானா, எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு நாள் பார்க்கலாமா, இன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலையிலேயே "தலை ஒரு மாதிரி இருக்கு" என்றான். அன்றைக்கு டிக்டேஷன். நாடகம் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

-----

ரெட்டைவால் (புதன், காலை 6:25)

தோழி, எனக்கு இரட்டைப் பெண்கள், வயது 9. போன வருஷம் இரண்டு பேருக்கும் ஃப்ளூ வந்தது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு மூத்தவள் (ஐந்து நிமிஷம் மூத்தவள்) சொன்ன பதில்: "கணக்கு பீரியட்ல, ரெண்டாவது பெருக்கல் போடும்போது." சளி பிடித்த பிள்ளையிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நேற்றா, முந்தாநாளா என்று இழுக்கும். முதலில் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், அப்புறம் இருமும், காய்ச்சல் வந்தாலும் வரும், வராமலும் போகும். பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். நீங்கள் 4:20 என்று நிமிஷத்தோடு எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்கு ஃப்ளூ என்றுதான் பட்டது.

வாந்தியால் நானும் ஏமாந்தேன். பெரியவர்களுக்கு ஃப்ளூவில் வாந்தி அவ்வளவாக வராது, பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுவலி, சில சமயம் பேதி கூட வரும் என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு முழு நாளை வீணடித்தேன். இரண்டாம் நாள் இளையவளும் படுத்தாள்.

ஆனால் ஒன்று. கொரோனாவும் இப்படி வரலாம், டெங்கு இருக்கிற ஊரில் அதுவும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதனால் நான் சொல்கிறேன் என்று முடிவுகட்ட வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். இப்போதைக்குச் சின்னவளையும் மாமியாரையும் வேறு அறைக்கு மாற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவனுக்குத் தனி டம்ளர், தனித் துண்டு. தண்ணீரை மடமடவென்று கொடுத்தால் திரும்ப வந்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு ஸ்பூன். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

-----

மணியடிச்சாச்சு (புதன், காலை 7:10)

22 வருஷம் பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிக்டேஷனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. உடம்பில் ஒன்றும் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஃப்ளூ பரவ ஆரம்பித்துவிடும். நேற்று அவனை நிறுத்தியிருந்தாலும் திங்கட்கிழமையே பக்கத்து பெஞ்சுக்குக் கொடுத்திருப்பான். யாரிடமிருந்து வாங்கினானோ, அந்தப் பிள்ளையும் அப்படித்தான் தெரியாமல் கொடுத்திருக்கும். தொற்றியதிலிருந்து காய்ச்சல் வர ஒன்று முதல் நான்கு நாள், பெரும்பாலும் இரண்டு நாள். போன வார இறுதியைத் துருவினால் ஆள் கிடைப்பான். துருவ வேண்டாம்.

ஆனால் தெரிந்தே அனுப்புகிற கதை வேறு. எங்கள் அறையில் அதற்குப் 'பதினொரு மணிக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருந்தோம். காலை ஏழு மணிக்கு சிரப் கொடுத்து அனுப்புவார்கள். பிரார்த்தனையில் பிள்ளை நன்றாக நிற்கும், முதல் இரண்டு பீரியட் ஓடிவிடும். மருந்து இறங்கும் நேரம் பதினொன்று. கன்னம் சிவக்க, கண் கலங்க, வகுப்புத் தலைவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். வீட்டுக்குப் போன் போட்டால், "காலையில் நல்லாத்தானே இருந்தான்!" பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகிற வீடுகளும் உண்டு. இருந்தாலும் மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் பள்ளிக்கூடம். 'மருந்தே கொடுக்காமல்' என்பதை இரண்டு தடவை படியுங்கள். பெரியவர்கள் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார்கள் என்றால், பிள்ளைகள் அதைவிட அதிக நாள் கூடப் பரப்பலாம்.

கை கழுவுவதைப் பற்றிச் சுவரொட்டி ஒட்டி ஒட்டிக் கை வலித்துப்போனவள் நான். ஒரு நாள் சுவரொட்டியை விட்டுவிட்டுக் குழாயடியில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் கழுவுவது விரல் நுனியை மட்டும். கட்டைவிரலை யாரும் தொடுவதே இல்லை. கண்ணைத் தேய்ப்பதும் மூக்கை நோண்டுவதும் எந்த விரலால் என்று நினைக்கிறீர்கள்? சோப்புப் போட்டு 20 விநாடி, கட்டைவிரலைத் தனியாக மற்ற கையால் பிடித்து முறுக்கிக் கழுவச் சொல்லிக்கொடுங்கள். மேசை, கைப்பிடி மாதிரி வழவழப்பான இடத்தில் இந்த வைரஸ் ஒன்றிரண்டு நாள் கூட இருக்கும். தண்ணீர் பாட்டிலையும் பென்சில் நுனியையும் மாற்றி மாற்றி வாயில் வைக்கும் பழக்கத்தை மட்டும் விடவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. என்னால் முடிந்ததில்லை, உங்களால் முடிந்தால் எழுதுங்கள்.

-----

அரைத்தூக்கம் (புதன், காலை 8:02)

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், கோபிக்காதீர்கள். போன வருஷம் என் மகனுக்கு ஃப்ளூ ஊசி போட்டோம். போட்டும் வந்தது. அப்புறம் எதற்கு ஊசி? ஒரு கிளினிக்கில் மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்கள், நாலாம் நாள் எழுந்து ஓடினான். முதல் நாளே கொடுத்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும் அல்லவா?

-----

குட்டி ஸ்டெத் (புதன், காலை 8:50)

குழந்தை மருத்துவர். ஓ.பி. ஆரம்பிக்கும் முன் எழுதுகிறேன். பையனை நேரில் பார்க்காமல் சொல்வதுதான், அதை மறக்க வேண்டாம்.

நோட்டுப்புத்தகம் அம்மா, இன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் வீசிங் உள்ள குழந்தையும் 71 வயதுப் பெரியவரும் இருக்கிறார்கள், அது ஒன்று. ஓசல்டாமிவிர் என்ற மருந்து, ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், அது இரண்டு. உங்கள் கணக்குப்படி வியாழன் மாலை 4:20க்குள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு அது நோயை ஏறக்குறைய ஒரு நாள் குறைக்கும், அவ்வளவுதான். எல்லாருக்கும் எழுதுவதில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு யோசிக்காமல் எழுதுவேன். மூக்கில் குச்சி விட்டுச் செய்யும் உடனடிச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் ஃப்ளூ இல்லை என்று அர்த்தமில்லை, அது கோட்டை விடுவது சகஜம்.

மூன்றரை மணி நேரத்தில் காய்ச்சல் திரும்புகிறது என்கிறீர்கள். மருந்தின் அளவைப் பாருங்கள். பாராசிட்டமால் வயதுக்கு அல்ல, எடைக்கு. கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பாட்டிலில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். சளி சிரப் எதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பலவற்றுக்குள் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அளவு இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் ரை சிண்ட்ரோம் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும், அபூர்வம்தான், ஆனால் கொடியது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரூஃபெனும் வேண்டாம்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிடப் பிள்ளையைப் பாருங்கள். காய்ச்சல் இறங்கித் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். அவன் வயதில் 30ஐத் தாண்டினாலோ, விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு வந்தாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், எழுப்பினால் சரியாக விழித்துப் பேசாவிட்டாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: காய்ச்சல் விட்டு ஒரு நாள், இரண்டு நாள் தேறி விளையாடும் பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்து இருமல் கூடுவது. அது பெரும்பாலும் ஃப்ளூ ஓய்ந்த இடத்தில் பாக்டீரியா புகுந்து நிமோனியாவாக மாறுவது. 'இன்னும் முழுசா விடல போல' என்று வீட்டில் வைத்திருந்து வருபவர்கள்தான் அதிகம்.

அரைத்தூக்கம் ஐயா, ஆன்டிபயாடிக் தேவைப்படுவது நான் இப்போது சொன்ன அந்த இடத்தில். ஃப்ளூ வைரஸை அது தொடவே தொடாது. சிக்கல் இல்லாத ஃப்ளூவில் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானாகவே இறங்கும். மூன்றாம் நாள் கொடுக்கும் எந்த மருந்துக்கும் நாலாம் நாள் நல்ல பெயர் கிடைக்கும், வெறும் சர்க்கரைத் தண்ணீர் உட்பட. ஊசி விஷயத்தில் நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. கணிப்பு நன்றாகப் பொருந்தும் வருஷங்களிலேயே டாக்டரிடம் போகும் அளவு ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். ஆனால் ஊசி போட்டும் வந்த பிள்ளைகள் ஐ.சி.யூ. வரை போவது குறைவு. நான் ஊசி போடுவது அதற்காக. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

-----

நோட்டுப்புத்தகம் (புதன், இரவு 10:15)

எல்லாருக்கும் நன்றி. 11:30க்குக் காட்டினோம். குச்சியை மூக்கில் விட்டதும் அவன் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகள் சேர்ந்து அழுதார்கள். ஃப்ளூதான், அதில் பி என்ற வகை. தினம் இரண்டு வேளை வீதம் ஐந்து நாளைக்கு ஓசல்டாமிவிர். தங்கைக்கும் வராமல் தடுக்க தினம் ஒரு வேளை எழுதியிருக்கிறார்.

ஸ்டெத் டாக்டர், மருந்து அளவைப் பார்க்கச் சொன்னீர்களே. பார்த்தேன், கை நடுங்கிவிட்டது. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாராசிட்டமால் பாட்டில். தங்கையுடையது 5 மில்லிக்கு 120, இவனுடையது 250. ராத்திரி அரைவெளிச்சத்தில் நான் ஊற்றியது தங்கையுடையதை. 23.5 கிலோ பையனுக்கு 180 மில்லிகிராம்தான் போயிருக்கிறது. குறைந்ததோடு போயிற்று. இதே தவறு தங்கை விஷயத்தில் நடந்து, அவன் பாட்டிலிலிருந்து அவளுக்கு ஊற்றியிருந்தால்? அவன் பாட்டிலுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன்.

இன்னொரு வெட்கக்கேடு. மாமியாருக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுகிறோம். பிள்ளைகளுக்குப் போட வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

-----

குட்டி ஸ்டெத் (வியாழன், காலை 7:30)

பெரியவருக்குப் போட்டதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் புத்தகப்பை மாட்டியவர்கள்தான். ஜப்பானில் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டுவந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் கட்டாயத்தைத் தளர்த்தி, 1994இல் நிறுத்திவிட்டார்கள். பின்னால் கணக்குப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் குளிர்கால மரணங்கள் இறங்கியிருந்ததும், நிறுத்தியபின் ஏறியதும் தெரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

தங்கைக்கு இதுதான் முதல் முறை என்றால், 9 வயதுக்குள் இருப்பதால் நான்கு வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி. அண்ணனுக்கும் அப்படித்தான். இந்தத் தடவை தப்பிக்க அது உதவாது, எல்லாம் ஓய்ந்தபின் போடலாம். ஒரு தடவை வந்துவிட்டதே, இனி எதற்கு என்று விடாதீர்கள். இவனுக்கு வந்தது பி, ஏ வகை மிச்சமிருக்கிறது. பி-யில் யமகட்டா என்ற கிளை மட்டும் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை. கொரோனா முடக்கத்தில் காணாமல் போனது. அதனால்தான் நாலு வைரஸ் வகைகளுக்கு எதிராகப் போட்ட ஊசி பல இடங்களில் இப்போது மூன்று வகைகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. எனக்கு அதில் ஓர் அற்பசந்தோஷம்.

-----

நோட்டுப்புத்தகம் (சனி, காலை 7:05)

பயந்துபோய் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து காய்ச்சல் இல்லை, பாராசிட்டமாலும் கொடுக்கவில்லை. நேற்று இரவு சிரித்துக்கொண்டுதான் படுத்தான். இன்றைக்குக் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறான். இறக்கிவிட்டால் குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில், திருடன் மாதிரி நடக்கிறான். கெண்டைக்கால் இரண்டையும் தொட்டாலே கத்துகிறான். கால் விளங்காமல் போய்விடுமோ என்று மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார்.

-----

குட்டி ஸ்டெத் (சனி, காலை 7:20)

மாமியாரை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு கெண்டைக்கால் சதையும் ஒரே மாதிரி வலித்து, நுனிக்காலில் நடக்கிறான் என்றால், ஃப்ளூ விட்டுப்போகும் சமயத்தில் வரும் தசை அழற்சியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பள்ளிக்கூட வயதுப் பையன்களுக்கு, அதுவும் ஃப்ளூ பி-க்குப் பின்னால், அடிக்கடி பார்ப்பது. பெரும்பாலும் மூன்று நாளில், போனால் ஒரு வாரத்தில், தானே சரியாகிவிடும். இருந்தாலும் இன்றைக்கே ஒரு முறை காட்டுங்கள், தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். உடனே அவனைச் சிறுநீர் கழிக்கச் சொல்லி நிறத்தைப் பாருங்கள். கறுத்த தேநீர் நிறத்தில் போனால் நேரே மருத்துவமனை, சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கால் வலிக்காமல் வெறுமனே தளர்ந்து மடங்கினாலும் அப்படியே.

-----

நோட்டுப்புத்தகம் (சனி, மதியம் 1:40)

7:32, வெளிர் மஞ்சள். (ஆமாம், அதையும் குறித்தேன்.) சி.கே. ஏறியிருக்கிறது, நீங்கள் சொன்னதேதான். தண்ணீரும் ஓய்வும் போதும் என்றார். தங்கைக்கு இதுவரை ஒன்றும் இல்லை. மாமியாருக்கு லேசான இருமல், காய்ச்சல் இல்லை, டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம்.

-----

மணியடிச்சாச்சு (சனி, மாலை 6:15)

அந்த நுனிக்கால் நடையை நான் 22 வருஷத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் விளையாட்டு வகுப்பிலிருந்து தப்பிக்கிற வேலை என்று வாத்தியார் அனுப்பிவைத்தார். டிக்டேஷன் உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை அம்மா.

-----

நோட்டுப்புத்தகம் (செவ்வாய், காலை 8:30)

திங்கள் மதியத்திலிருந்து குதிகால் தரையில் படுகிறது. காய்ச்சல் விட்டு நாலு நாள். மாமியாரின் இருமலும் அடங்கிவிட்டது. இன்றைக்கு 7:50க்கு ஷூ லேஸ் கட்ட மாட்டேன் என்று பழைய ரகளை, 8:10க்கு வேன் ஏறினான். விட்டுப்போன டிக்டேஷனை நாளைக்குத் தனியாக வைப்பார்களாம். நாளைக் காலையில் "தலை ஒரு மாதிரி இருக்கு" என்றால் நான் என்ன செய்வது?

-----

மணியடிச்சாச்சு (செவ்வாய், காலை 8:41)

தெர்மாமீட்டர் வையுங்கள். சிரப்பை எடுக்காதீர்கள்.